அவரவர் ரத்தம் அவரவருக்குப் பகை ஆகுமா? 36 கட்டங்களில் பதில் எழுதிய கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்

முழங்கால் மூட்டு தேய்ந்துபோச்சு, மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்று டாக்டர் தேதி குறித்துவிடுகிறார். வீட்டில் அடுத்து எழும் கேள்விகளில் ஒன்று ரத்தம் பற்றியது. யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொள்வதைவிட, ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நம்ம ரத்தத்தையே எடுத்து வைத்துக்கொண்டால் என்ன? அதுதானே பாதுகாப்பு?

இப்படி ஒரு முறை உண்மையிலேயே இருக்கிறது. மருத்துவத்தில் இதற்குத் தன் ரத்த தானம் என்று பெயர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள்தான். இது எந்த அளவுக்குப் பாதுகாப்பு என்று புரிந்துகொள்ள, 1901-ல் வியன்னாவில் ஒரு டாக்டர் போட்ட சின்ன அட்டவணையைப் பார்க்க வேண்டும். அவர் பெயர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். அவர் பிறந்த ஜூன் 14-ஐத்தான் உலக ரத்த தானம் செய்வோர் தினமாக இன்று கொண்டாடுகிறோம்.

அப்பா இல்லாத பையன்

1868-ல் ஆஸ்திரியாவில் பிறந்தார் லேண்ட்ஸ்டெய்னர். அப்பா லியோபோல்ட் பத்திரிகையாளர், வியன்னாவில் பெயர் பெற்றவர். கார்லுக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா ஃபேனிதான் எல்லாம். அம்மா இறந்தபோது அவருடைய முகத்தை அச்சு எடுத்துவைத்து, தன் கடைசிக் காலம் வரை அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்த மகன் அவர்.

1891-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் கிளினிக் வைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரிய வேதியியலாளர்களிடம் போய்ப் பாடம் கேட்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எமில் பிஷர் அவர்களில் ஒருவர். உடம்பில் நடப்பதையெல்லாம் வேதியியல் கண்ணோடு பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

வியன்னா திரும்பிய பிறகு பிணக்கூறு ஆய்வுத் துறையில் வேலை. பத்து ஆண்டுகளில் அவர் செய்த பிரேதப் பரிசோதனைகள் மட்டும் 3,639. பகலெல்லாம் பிணவறை, மிச்ச நேரத்தில் சோதனைக் குழாய். கூட்டத்தில் கலகலப்பாகப் பேசும் ஆள் இல்லை. கூச்ச சுபாவம், கறாரான வேலை. பியானோ மட்டும் நன்றாக வாசிப்பார்.

லாட்டரி மாதிரி இருந்த ரத்தம் ஏற்றுதல்

அந்தக் காலத்தில் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது கிட்டத்தட்ட லாட்டரி. 1667-ல் பிரான்சில் ஜான் பாப்டிஸ்ட் டெனி ஆட்டுக்குட்டி ரத்தத்தை மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். நோயாளி ஒருவர் இறந்ததும் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்தச் சிகிச்சையே அங்கே தடை செய்யப்பட்டது. 1818-ல் லண்டனில் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், மனிதருக்கு மனித ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்று தொடங்கினார். பிரசவத்தில் ரத்தம் கொட்டி உயிர் போகும் பெண்களைக் காப்பாற்றுவதுதான் அவர் நோக்கம்.

சிலர் பிழைத்தார்கள். சிலருக்கு ரத்தம் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே நடுக்கம், முதுகுவலி, கறுத்த சிறுநீர், பிறகு மரணம். ஒரே டாக்டர், ஒரே முறை. ஒருவர் பிழைப்பதும் இன்னொருவர் சாவதும் ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு பேர் ரத்தத்தைக் கலந்தால் சில சமயம் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது நோயின் அடையாளம் என்று பலர் நினைத்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அதனால் திரள்கிறது என்பது அவர்கள் கணக்கு.

லேண்ட்ஸ்டெய்னருக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. சரி, நோயே இல்லாதவர்கள் ரத்தத்தைக் கலந்து பார்த்தால் என்ன ஆகும்?

ஆறு பேர், 36 கட்டங்கள்

அதற்கு ஆள் தேடி அவர் வெளியே போகவில்லை. தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார். கூட வேலை பார்த்த ஐந்து பேரிடமும் எடுத்தார். எல்லோரும் நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்கள். ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டாகப் பிரித்தார்: ஒரு பக்கம் சிவப்பணுக்கள், இன்னொரு பக்கம் சீரம் என்கிற தெளிந்த நீர். பிறகு ஆறு பேர் சீரத்தையும் ஆறு பேர் சிவப்பணுக்களோடும் ஒவ்வொன்றாகக் கலந்தார். ஆறு ஆறு 36 கலவைகள். திரண்டால் பிளஸ், திரளாவிட்டால் மைனஸ்.

36 கட்டங்களில் 16-ல் பிளஸ் விழுந்தது. நோயே இல்லாதவர்கள் ரத்தமும் ஒன்றையொன்று தாக்குகிறது! அப்படியானால் இது நோய் இல்லை, இயற்கை.

அடுத்து அந்த பிளஸ், மைனஸ் விழுந்த விதத்தைக் கவனித்தார். அது தாறுமாறாக இல்லை. ஆறு பேரும் இரண்டு இரண்டு பேராக மூன்று ரகமாகப் பிரிந்து நின்றார்கள். இரண்டு ரகங்களுக்கு ஏ, பி என்று பெயர் வைத்தார். மூன்றாவது ரகத்துக்கு அவர் வைத்த பெயர் சி. அதுதான் பின்னாளில் ஓ ஆனது. லேண்ட்ஸ்டெய்னரே அந்த மூன்றாவது ரகம்தான். அவருடைய சிவப்பணுக்களை மற்றவர்கள் யாருடைய சீரமும் திரளவைக்கவில்லை. நான்காவது ரகமான ஏபி அந்த ஆறு பேரில் யாருக்கும் இல்லை. அதை 1902-ல் டெகாஸ்டெல்லோ, ஸ்டுர்லி என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். இந்த ஸ்டுர்லி, முதல் அட்டவணைக்கு ரத்தம் கொடுத்த ஐந்து பேரில் ஒருவர்.

ரத்த வகை கண்டுபிடிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படிப்பது இவ்வளவுதான். ஆனால் தன் ரத்த தானம் பற்றிய கேள்விக்கு அந்த அட்டவணையில் இன்னொரு பதிலும் இருக்கிறது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு கோடு இழுத்தால், அது ஆறு கட்டங்கள் வழியாகப் போகும். ஒவ்வொருவரின் சீரமும் அவரவர் சிவப்பணுக்களைச் சந்திக்கும் கட்டங்கள் அவை. ஆறிலும் மைனஸ்.

அதாவது, அடுத்தவர் ரத்தத்தோடு சண்டை போடும் ரத்தம்கூடத் தன்னோடு சண்டை போடுவதில்லை.

காரணம் எளிமையானது. ஏ வகைக்காரரின் சிவப்பணு மேல் ஏ என்ற அடையாளம் இருக்கும்; அவர் சீரத்தில் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும். பி வகைக்காரருக்கு இது தலைகீழ். ஓ வகைக்காரரின் சிவப்பணுவில் இரண்டு அடையாளமும் இல்லை, சீரத்தில் இரண்டுக்கும் எதிர்ப்பு உண்டு. ஏபி வகைக்காரருக்கு இரண்டு அடையாளமும் உண்டு, எதிர்ப்பு எதுவும் இல்லை. தன்னிடம் இருக்கும் அடையாளத்துக்கு எதிராக உடம்பு ஆயுதம் செய்வதில்லை.

ரத்தம் ஏற்றும்போது சிலர் பிழைப்பதும் சிலர் சாவதும் ஏன் என்பதை இது விளக்கக்கூடும் என்று கட்டுரையின் கடைசியில் ஓரிரு வரியில் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார். ஆரவாரம் எதுவும் இல்லை.

விதி சொன்னவரே காட்டிய விதிவிலக்கு

இங்கே நிறுத்தியிருந்தால், தன் ரத்தம் தனக்குப் பகையே ஆகாது என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றே ஆண்டில் அதற்கு விதிவிலக்கையும் லேண்ட்ஸ்டெய்னரே கண்டுபிடித்தார்.

குளிரில் வெளியே போய்விட்டு வந்தால் சிலருக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். 1904-ல் ஜூலியஸ் டொனாத்தோடு சேர்ந்து அவர் இதை ஆராய்ந்தார். அந்த நோயாளியின் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் குளிரவைத்து, பிறகு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பணுக்கள் உடைந்தன. குளிரில் ஒரு எதிர்ப்பொருள் போய் அவருடைய சிவப்பணுக்கள் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. சூடு ஏறியதும் அவை உடைகின்றன. சொந்த உடம்பைச் சொந்த உடம்பே தாக்கும் நோய் உண்டு என்பதற்கு ஆய்வகத்தில் கிடைத்த முதல் சான்றுகளில் இது ஒன்று. அந்தப் பரிசோதனை இன்றும் அவர்கள் இருவர் பெயரில்தான் இருக்கிறது.

இது அபூர்வ நோய்தான். ஆனாலும் சொந்த ரத்தம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது, பரிசோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

பசியும் போரும்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு வியன்னாவில் கிடைத்த மரியாதை குறைவுதான். 1907-ல் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பெர்க் ரத்தம் ஏற்றும் முன் பொருத்தம் பார்க்கத் தொடங்கினார். ஐரோப்பாவில் பல மருத்துவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

லேண்ட்ஸ்டெய்னர் வேறு வேலைக்குப் போய்விட்டார். 1908-ல் போலியோவில் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்துக் குரங்குகளுக்குச் செலுத்தி, அது தொற்றும் நோய் என்று எர்வின் பாப்பரோடு சேர்ந்து காட்டினார். பின்னாளில் வந்த போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அது ஒரு முதல் படி. 1911-ல் பேராசிரியர் பதவி வந்தது. அதற்குரிய சம்பளம் மட்டும் வரவில்லை.

1916-ல், 48 வயதில் ஹெலனைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஒரு மகன். முதல் உலகப்போர் முடிந்தபோது வியன்னாவில் சாப்பாடும் இல்லை, குளிருக்கு விறகும் இல்லை. ஆராய்ச்சிக்கு வழியே இல்லாமல் போனது. 1919-ல் குடும்பத்தோடு நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போய், ஒரு சிறிய கத்தோலிக்க மருத்துவமனையில் சேர்ந்தார். உலகத்துக்கே ரத்த வகையைச் சொன்னவருக்கு அங்கே அன்றாட வேலை, நோயாளிகளின் சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதிப்பது. அந்த நெருக்கடியிலும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதை அவர் விடவில்லை.

ரத்தத்தை எடுத்து வைக்கலாம் என்ற நிலை

1920-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அதற்குள் ரத்த உலகமும் மாறியிருந்தது. எடுத்த ரத்தம் உறையாமல் இருக்க சோடியம் சிட்ரேட் கலக்கலாம் என்று 1914-15-ல் தெரிந்துவிட்டது. சிட்ரேட்டோடு குளுக்கோஸும் சேர்த்தால் வாரக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று 1916-ல் பெய்டன் ரௌஸும் டர்னரும் காட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்ததும் இதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தில்தான்.

அதுவரை கொடுப்பவரையும் வாங்குபவரையும் பக்கத்தில் படுக்கவைத்துத்தான் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எடுத்து வைக்கலாம் என்று ஆனதும், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கவும் வழி பிறந்தது. 1921-லேயே அமெரிக்காவில் ஒரு மூளைக்கட்டி நோயாளிக்கு, ஆபரேஷனுக்கு முன்பு எடுத்து வைத்த அவருடைய ரத்தத்தையே திரும்ப ஏற்றிய செய்தி மருத்துவ இதழில் வந்தது. 1937-ல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபேன்டஸ் ரத்த வங்கி தொடங்கினார். ரத்த வங்கி என்ற பெயரே அவர் வைத்ததுதான்.

லேண்ட்ஸ்டெய்னருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடித்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து. அதோடு ஓயவில்லை. 1927-ல் பிலிப் லெவினோடு சேர்ந்து எம், என், பி என்று மேலும் சில ரத்தக் கூறுகளைக் கண்டுபிடித்திருந்தார். 1940-ல் அலெக்ஸாண்டர் வீனரோடு சேர்ந்து ஆர்எச் காரணியை அறிவித்தார். ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை வைத்துச் செய்த சோதனையில் தெரியவந்ததால் அந்தப் பெயர். ஏபிஓ பொருத்தம் பார்த்தும் சிலருக்கு ஏன் ஒத்துக்கொள்ளாமல் போனது என்பதற்கு அதில் விடை கிடைத்தது. இன்று நம் ரத்த வகை அட்டையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இருப்பது இந்தக் காரணியைத்தான் குறிக்கிறது.

1939-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. 1943 ஜூன் 24 அன்று, கையில் பிப்பெட்டோடு வேலை செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து இறந்தார். வயது 75.

சரி, மூட்டு மாற்றும்போது நம்ம ரத்தத்தையே வைக்கலாமா?

லேண்ட்ஸ்டெய்னர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் தன் ரத்த தானம் பெரிதாகப் பரவியது. காரணம் எய்ட்ஸ். தானமாக வரும் ரத்தத்தில் எச்ஐவி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை 1985-ல்தான் வந்தது. அந்த ஆண்டுகளில் அடுத்தவர் ரத்தம் என்றாலே பயம். இடுப்பு மூட்டு மாற்றும்போது ஒரு லிட்டர் அளவுக்குக்கூட ரத்தம் போகலாம் என்றிருந்த காலம் அது. இந்த ஆபரேஷனுக்கு முன்கூட்டியே தேதி குறிக்க முடியும் என்பதால், ரத்தம் சேமிக்க அவகாசமும் இருந்தது.

முறை இதுதான். ஹீமோகுளோபின் குறைந்தது 11 இருக்க வேண்டும். பெரும்பாலும் வாரம் ஒரு யூனிட் வீதம் எடுப்பார்கள். கடைசி யூனிட்டை ஆபரேஷனுக்கு 72 மணி நேரம் முன்பே எடுத்து முடித்துவிட வேண்டும். கூடவே இரும்புச்சத்து மாத்திரை. 2 முதல் 6 டிகிரி குளிரில் வைப்பார்கள். கலக்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். ஆபரேஷன் தள்ளிப்போனால் ரத்தம் காலாவதி ஆகிவிடலாம். மிஞ்சினால் பொதுவாக வேறு யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், கொட்டத்தான் வேண்டும்.

அட்டவணைக் கோட்டின் பலம் இதில் அப்படியே கிடைக்கிறது. வகைப் பொருத்தமின்மை இல்லை, அடுத்தவரிடமிருந்து வைரஸ் தொற்றும் பயம் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களை அந்தக் கோடு சொல்லாது.

முதலாவது, சோகை. எடுத்த சிவப்பணுக்கள் முழுசாக ஊறி வர வாரக்கணக்கில் ஆகும். மூட்டு மாற்றுக்கு வருபவர்களில் பலர் 60 வயது தாண்டியவர்கள். ரத்தம் கொடுத்த களைப்போடு, ஹீமோகுளோபின் இறங்கிய நிலையில் ஆபரேஷன் மேஜைக்குப் போனால், கொடுக்காமல் இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காத ரத்தம் தேவைப்பட்டுவிடும். அதாவது, ரத்தம் ஏற்ற வேண்டிய வாய்ப்பை இந்த முறையே கூட்டிவிடுகிறது.

இரண்டாவது, லேபிள். பை மாறிப் போனால் சொந்த ரத்தம் என்று கொடுத்து வைத்ததற்கு அர்த்தமே இல்லை. பொருந்தாத ரத்தம் ஏறும் விபத்துக்கு இன்றைக்கும் முக்கியக் காரணம் பெயர், எண் மாறிப்போவதுதான். அதனால் சொந்த ரத்தப் பையாக இருந்தாலும் படுக்கையருகே பெயரையும் வகையையும் சரிபார்த்த பிறகே ஏற்றுகிறார்கள்.

மூன்றாவது, கிருமி. எடுக்கும்போதோ வைக்கும்போதோ பைக்குள் பாக்டீரியா புகுந்துவிட்டால், ரத்தம் யாருடையது என்று அது பார்க்காது.

இதற்கிடையே மற்ற வழிகள் முன்னேறிவிட்டன. தானமாக வரும் ரத்தத்தை எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி உள்ளிட்ட தொற்றுகளுக்குப் பரிசோதித்துத்தான் தருகிறார்கள். 1962-ல் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி அறிவித்த டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மலிவான மருந்து, மூட்டு மாற்றில் ரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கிறது. சோகை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்கிறார்கள். ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கியதுமே ரத்தம் ஏற்றும் பழைய வழக்கமும் குறைந்துவிட்டது. எடுத்து வைத்த சொந்த ரத்தத்தில் பெரும்பகுதி பயன்படாமல் வீணானதும் தெரியவந்தது. அதனால் சாதாரண மூட்டு மாற்றுக்கு இந்த முறையை இப்போது பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை.

யாருக்கு இன்னும் தேவை?

அபூர்வ ரத்தம் உள்ளவர்களுக்கு இது இன்றும் உயிர்காக்கும் ஏற்பாடு. 1952-ல் மும்பையில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் சகாக்களும் அறிவித்த பாம்பே ரத்த வகை அதற்கு நல்ல உதாரணம். வழக்கமான பரிசோதனையில் ஓ மாதிரியே தெரியும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினாலும் ஒத்துக்கொள்ளாது. பாம்பே வகைதான் வேண்டும். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்குத்தான் இது உண்டு. இப்படிப்பட்டவருக்கு மூட்டு மாற்ற வேண்டும் என்றால், பொருந்தும் ஆள் யார் என்று ஊர் ஊராகத் தேடுவதைவிட, நிச்சயம் பொருந்தும் ஒருவர் அவரேதான். பலமுறை ரத்தம் ஏற்றி உடம்பில் பல எதிர்ப்பொருள்கள் உண்டாகிவிட்டவர்களுக்கும் இதே நிலைமை.

மற்றவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் வேறு. என் ரத்தத்தை எடுத்து வைக்கலாமா என்பதற்கு முன்னால், என் ஹீமோகுளோபின் எவ்வளவு, அதை இப்போதே ஏற்ற என்ன செய்யலாம், ரத்தம் அதிகம் போகாமலிருக்க என்ன மருந்து தருவீர்கள் என்று கேட்கலாம். சொந்த ரத்தத்தைச் சேமிக்க ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் பைதான் சிறந்த இடம் என்று இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது அவரவர் உடம்புக்குள் இருப்பதே நல்லது.

அடுத்தவர் ரத்தத்தைக் கண்டு இவ்வளவு பயப்படத் தேவையில்லாமல் போனதற்கும் அதே மனிதர்தான் முதல் காரணம். ஆறு மைனஸ்கள் கொண்ட அந்தக் கோடு, சொந்த ரத்தம் ஏன் பொருந்துகிறது என்று காட்டியது. கோட்டுக்கு வெளியே இருந்த 30 கட்டங்களில் 14-லும் மைனஸ்தான். முன்பின் உறவில்லாத ஒருவரின் ரத்தமும் நமக்குப் பொருந்தும், யாருடையது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். இன்று உலகம் முழுக்க ரத்த வங்கிகள் நடப்பது அந்த 14 கட்டங்களை நம்பித்தான்.